'டயற்ல இருக்கிறன்' என்று சொல்லுற பசி

'பசிச்சால் தண்ணியைக் குடி, தாங்கப் பழகு, தானா மெலிஞ்சிடுவாய்.' மெலிய நினைக்கிற ஒருவருக்கு எங்கட பக்கத்தில் கிடைக்கிற அறிவுரை எல்லாவற்றையும் பிழிந்தால் கடைசியில் மிஞ்சுவது இந்த ஒரு வசனம்தான். ஜிம்முக்குப் போகிற அண்ணா இதைத்தான் சொல்கிறார். ரிக்ரொக்கில் வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிற அக்காவும் இதைத்தான் சொல்கிறா. கலியாண வீட்டில் எங்களை மேலும் கீழும் பார்க்கிற மாமி சொல்லாமலே சொல்லிவிடுவா. பசியைத் தாங்குகிறவர் கெட்டிக்காரர், தாங்க ஏலாமல் இரவு பத்து மணிக்கு பிஸ்கற் பக்கற்றை உடைக்கிறவர் மனவுறுதி இல்லாத ஆள். இப்படி ஒரு கணக்கு எல்லாருடைய தலையிலும் ஓடுகிறது.

எங்களுக்கு இந்தக் கணக்கில் உடன்பாடு இல்லை. மெலிய வேண்டும் என்று ஒருவர் நினைப்பதில் எங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, அதை முதலே சொல்லிவிடுகிறோம். ஆனால் காலை எழும்பினதிலிருந்து இரவு படுக்கும் வரை ஒரு ஆள் பசியோடு சண்டை பிடித்துக்கொண்டே இருந்தால், அவர் பிடித்திருக்கிற வழி பிழை. ஆளைத் திருத்த வேண்டிய தேவை அங்கே இல்லை.

யார் மெலிய வேண்டும் என்பதிலேயே எங்கட சமூகத்துக்குத் தெளிவில்லை. முதலாம் வருசம் விடுதியிலிருந்து வீட்டுக்குப் போனபோது 'என்ன பிள்ளை இப்பிடி வத்திப்போனாய், அங்க சாப்பாடு தாறேல்லையோ' என்று கேட்ட அதே மாமி, இரண்டாம் வருசம் 'நல்லா உடம்பு வச்சிட்டுது, இனிக் கவனமா இரு' என்பா. இந்த இரண்டுக்கும் இடையில் அவவுக்குப் பிடித்த மாதிரி நாங்கள் இருந்த அந்த ஒரு கிழமை எது என்று இன்றுவரை தெரியவில்லை.

உண்மையாகவே எடையைக் குறைக்க வேண்டிய ஆட்கள் இருக்கினம். எங்களில் பலருடைய வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சீனி வருத்தம் இருக்கிறது. தெற்காசிய உடம்புக்கு நீரிழிவு கொஞ்சம் குறைந்த எடையிலேயே வந்துவிடும் என்பதால், ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23 ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்று 2004 இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு சொன்னது. ஐந்தடி இரண்டு அங்குலம் உயரமான ஒருவருக்கு அது கிட்டத்தட்ட 57 கிலோ. அதே உயரத்தில் 46 கிலோவுக்குக் கீழே போனால் அது எடை குறைவு. இதை ஏன் இலக்கத்தோடு சொல்கிறோம் என்றால், 48 கிலோவில் இருந்துகொண்டு 44 க்கு வர வேண்டும் என்று பட்டினி கிடக்கிறவர்களை எங்கட பட்ச்சிலேயே பார்க்கிறோம். பெட்டைகள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பெடியளும் வயிற்றில் ஆறு கட்டம் தெரிய வேண்டும் என்று மூன்று மாதம் அவித்த முட்டை வெள்ளைக்கருவோடு சீவிக்கிறார்கள், அதற்கு 'கட்டிங்' என்று ஒரு கம்பீரமான பெயர் இருப்பதால் யாரும் கவலைப்படுவதில்லை.

சரி, பசிக்கு வருவோம். பசியை மனவுறுதியால் வெல்லலாமா என்ற கேள்விக்கு எண்பது வருசத்துக்கு முன்னமே ஒரு பதில் கிடைத்தது. இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார். அவர்கள் மனச்சாட்சியின் பேரில் போருக்குப் போக மறுத்தவர்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடக்கிற மக்களுக்கு எப்படித் திரும்பச் சாப்பாடு கொடுத்துத் தேற்றுவது என்று கண்டுபிடிக்கத் தாங்களாகவே முன்வந்தவர்கள். கொள்கைக்காக நாட்டையே எதிர்த்து நின்ற ஆட்களுக்கு மனவுறுதி இல்லை என்று யாரும் சொல்ல ஏலாது. 1945 இல் அவர்களுக்கு 24 கிழமைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1570 கலோரி சாப்பாடு கொடுக்கப்பட்டது.

என்ன நடந்தது? எடை நாலில் ஒரு பங்கு குறைந்தது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத அளவுக்கு மாறினது அவர்களுடைய மனம். வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். சூயிங்கத்தையும் கோப்பியையும் அளவில்லாமல் எடுத்ததால் அதற்கும் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. எரிச்சல், சோர்வு, ஆட்களோடு பழக விருப்பமின்மை எல்லாம் வந்தன. சாப்பாட்டைத் திரும்பக் கூட்டின பிறகும், வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி போகவில்லை என்று சிலர் சொன்னார்கள். பின்னுக்குச் சிலர் சமையற்காரராகவே ஆகினார்கள்.

இதை வாசிக்கிறபோது எங்களுக்கு ஞாபகம் வருவது நள்ளிரவில் கட்டிலில் கிடந்துகொண்டு கொத்துரொட்டி வீடியோ பார்க்கிற எங்கட சிநேகிதிகள். டயற்றில் இருக்கிற ஆட்கள்தான் சமையல் வீடியோவை மிகக் கூடுதலாகப் பார்க்கிறவர்கள். கவனித்துப் பாருங்கள். விரிவுரை மண்டபத்தில் பதினொரு மணிக்கு நாட்டாரியல் ஓடிக்கொண்டிருக்க, கொப்பியின் ஓரத்தில் இன்றைக்கு எதைச் சாப்பிடலாம், எத்தனை கலோரி என்று கூட்டல் கழித்தல் ஓடும். அந்த ஆண்கள் கிழமைக்கு 35 கிலோமீற்றர் நடந்தவர்கள், எங்களை விடப் பெரிய உடம்புக்காரர், அதனால் இலக்கத்தை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனாலும் பட்டினி ஆய்வுக்கு அவர்கள் தெரிவுசெய்தது 1570. போனில் இருக்கிற ஆப் எங்கட பெட்டைகளுக்குச் சிரித்த முகத்தோடு காட்டுகிற இலக்கமோ பல நேரம் 1200.

மினசோட்டாக்காரருக்கு என்ன நடந்தது என்பதற்கான உடற்றொழிலியல் பின்னுக்குத்தான் தெரிய வந்தது. உடம்பில் உள்ள கொழுப்பு 'இங்க இருப்பு இருக்கு' என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிற லெப்ரின் என்ற ஓமோனை 1994 இல் கண்டுபிடித்தார்கள். வயிற்றிலிருந்து 'சாப்பாட்டைப் போடு' என்று கேட்கிற கிரெலினை 1999 இல் கண்டுபிடித்தார்கள். மெலியத் தொடங்கினால் முதலாவது குறையும், இரண்டாவது கூடும். 2011 இல் மெல்பேர்ண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 50 பேருக்குப் பத்துக் கிழமை மிகக் குறைந்த சாப்பாடு கொடுத்துச் சராசரியாகப் பதின்மூன்று கிலோவுக்கு மேலே குறைக்க வைத்தார்கள். ஒரு வருசம் கழித்துத் திரும்பப் பார்த்தபோதும் அந்த ஓமோன்கள் பழைய நிலைக்கு வரவில்லை. பசியும் தொடக்கத்தில் இருந்ததை விடக் கூட. கெதியாகக் கனக்கக் குறைத்தவரின் உடம்பு ஒரு வருசத்துக்குப் பிறகும் 'எங்க என்ர சாப்பாடு' என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் போய் 'வாயைக் கட்ட ஏலாத ஆள்' என்று ஒரு சொல்லில் முடிக்கிறோம்.

அப்ப என்ன செய்யலாம்? பசியைத் தாங்குகிற கலையைப் படிப்பதை விட்டுவிட்டு, பசி குறைவாக வருகிற மாதிரிச் சாப்பிடலாம். இதற்கு ஓட்ஸும் அவகாடோவும் கிரேக்கத் தயிரும் தேவையில்லை. (அவகாடோ என்றால் எங்கட ஆனைக்கொய்யாதான். யூரியூப்பில் வந்ததும் அதற்கு விலை கூடிவிட்டது போல ஒரு மரியாதை.)

எங்கட வழமையான நாளை எடுத்துப் பாருங்கள். காலமை எட்டு மணிக்கு விரிவுரை, அதனால் ஒரு மீன்பணிஸ் அல்லது இரண்டு றோல்ஸ், சீனி கூடப் போட்ட பிளேன்ரீ. இல்லாட்டி பாணும் சம்பலும். இதெல்லாம் மாவும் சீனியும் எண்ணெயும். சக்தி தாராளமாக இருக்கும், ஆனால் வயிற்றில் நிற்காது. பத்தரைக்குப் பசிக்கும். அந்தப் பசிக்கு இன்னொரு பிளேன்ரீ. மத்தியானம் ஒரு மலைச் சோறு, அதன் தலையில் மூன்று கறி கரண்டியளவு. பின்னேரம் நாலு மணிக்கு நித்திரையும் பசியும் ஒன்றாக வரும். டயற் தொடங்குகிற ஆள் இந்த ஒழுங்கை மாற்றுவதில்லை. இதையே பாதியாக்குகிறார். ஒரு றோல்ஸ், அரைவாசிச் சோறு, இரவுக்கு ஒன்றுமில்லை. ஏற்கெனவே பசி தாங்காத சாப்பாட்டைப் பாதியாக்கினால் பசி இரண்டு மடங்காகும், வேறென்ன ஆகும்?

1995 இல் சிட்னிப் பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ற் என்பவரும் கூட்டாளிகளும் 38 வகைச் சாப்பாட்டை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சக்தி வருகிற மாதிரிப் பங்கு போட்டு ஆட்களுக்குக் கொடுத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு எவ்வளவு வயிறு நிறைந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வெள்ளைப் பாணுக்கு 100 புள்ளி என்று வைத்தால், பட்டர் நிறைந்த குறோசோன்ற் 47 தான். மீன் 225. எல்லாவற்றிலும் மேலே வந்தது எது தெரியுமோ? அவித்த உருளைக்கிழங்கு, 323. 'கிழங்கு சாப்பிட்டால் கொழுக்கும்' என்று நாங்கள் முதலாவதாக ஒதுக்கி வைக்கிற அதே கிழங்கு. பொரித்தால் கதை வேறு, சோற்றுக்கு மேலே போட்டுச் சாப்பிட்டாலும் கதை வேறு. ஆனால் காலமை பணிசுக்குப் பதிலாக இரண்டு அவித்த கிழங்கும் ஒரு முட்டையும் சாப்பிட்ட ஆள் பதினொரு மணிக்கு கன்ரீன் பக்கம் ஓடமாட்டார்.

தண்ணி குடித்துப் பசியை ஆற்றுகிற விசயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தவரின் பெயர் பார்பரா றோல்ஸ். பகிடியில்லை, உண்மையாகவே றோல்ஸ். 1999 இல் வந்த அவருடைய ஆய்வில், ஒரே சாப்பாட்டை ஒரு நாள் தனியாகவும், ஒரு நாள் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணியோடும், இன்னொரு நாள் அந்தத் தண்ணியையே சாப்பாட்டுக்குள் ஊற்றிக் காய்ச்சி சூப்பாகவும் கொடுத்தார்கள். தண்ணியைப் பக்கத்தில் வைத்துக் குடித்தபோது பெரிதாக மாற்றமில்லை. சூப்பாகக் குடித்தவர்கள் அடுத்த நேரச் சாப்பாட்டில் குறைவாகச் சாப்பிட்டார்கள். எங்கட அம்மம்மாக்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இலைக்கஞ்சி என்றால் என்ன? ஒடியற் கூழ் என்றால் என்ன? கொஞ்ச அரிசி, கொஞ்ச மா, நிறையத் தண்ணி, நிறைய இலை, மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை. ஒரு கோப்பை குடித்தால் மத்தியானம் வரை வயிறு சத்தம் போடாது. காலமை கஞ்சி விற்கிற ஆட்கள் இன்னும் பல சந்திகளில் நிற்கிறார்கள். நாங்கள்தான் அதை வயசாளிகளின் சாப்பாடு என்று தாண்டிப் போகிறோம்.

மிச்சம் எல்லாம் சின்னச் சின்ன மாற்றம். கடலை அவிச்சுத் தாளிச்சு ஒரு சின்ன டப்பாவில் கொண்டு வரலாம், அது பிஸ்கற் மாதிரி கையை இழுத்துக்கொண்டே இருக்காது. பருப்பைச் சொதி மாதிரி ஊற்றாமல் தடிப்பாக்கி இரண்டு கரண்டி கேட்கலாம். நெத்தலிக் கருவாடு மலிவு என்று இப்ப சொல்ல ஏலாது, ஆனாலும் கொஞ்சமாகப் போட்டாலே புரதம் கிடைக்கும். வல்லாரையோ பொன்னாங்காணியோ ஒரு பிடி கூட. சோறு சாப்பிடலாம். சோறு எங்களுக்கு எதிரி இல்லை, தட்டின் முக்கால்வாசியை அது பிடித்துக்கொள்வதுதான் பிரச்சினை. எடை மெதுவாகத்தான் குறையும். மாதம் ஒன்றரை, இரண்டு கிலோ என்றால் யாரும் வீடியோ போட மாட்டார்கள், ஆனால் அந்த ஆள் மாலையில் சிநேகிதர்களோடு எரிந்து விழாமல் கதைப்பார்.

நித்திரையை யாரும் டயற் கணக்கில் சேர்ப்பதில்லை. 2004 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் 12 இளம் ஆண்களை இரண்டு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்க விட்டார்கள். நல்லாகப் படுத்த நாட்களோடு ஒப்பிட்டால் பசி 24 வீதம் கூடினது, அதுவும் இனிப்புக்கும் மாச்சாப்பாட்டுக்கும்தான் ஆசை கூடினது. சோதனைக் காலத்தில் நாங்கள் நாலு மணித்தியாலம் படுத்தாலே பெரிய விசயம். அந்த நேரத்தில் டயற் தொடங்குகிறவர்களை என்ன சொல்வது? அசைன்மென்ற் ஒப்படைக்கிற கிழமையில் ஒருவர் எடை குறைக்க நினைப்பது, மழைக்குள் உடுப்புக் காயப்போடுகிற மாதிரி.

இங்கே சிலர் கேட்பார்கள்: 'விரதம் பிடிக்கேக்க பசி தாங்கேல்லையோ? ஆறு நாள் கந்தசட்டி பிடிக்கிற ஆட்கள் இல்லையோ?' இது நியாயமான கேள்வி. எங்கட பட்ச்சில் கந்தசட்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ரமழானில் முப்பது நாளும் நோன்பு பிடித்துக்கொண்டு விரிவுரைக்கு வருகிற சிநேகிதர்கள் இருக்கிறார்கள். தவக்காலத்தில் ஒருநேரம் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பசியைத் தாங்குகிறார்கள்தான். ஆனால் அந்தப் பசிக்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது. மஃரிபுக்குப் பாங்கு சொன்னால் பேரீச்சம்பழமும் கஞ்சியும் வரும், ஏழாம் நாள் பாறணைக்குச் சோறும் பத்துக் கறியும் வரும். அந்த நேரம் வரும் வரைக்கும் கூட இருக்கிற எல்லாரும் சேர்ந்து பசித்திருக்கிறார்கள். உங்களைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் குறைச்சால் நல்லம்' என்று யாரும் சொல்வதில்லை. டயற்றின் பசி அப்படி இல்லை. அது தனியப் பசிக்கிற பசி. எப்ப முடியும் என்று சொல்ல ஒரு பாங்கு இல்லை, ஒரு பாறணை இல்லை. இலக்கு வைத்த 52 கிலோ வந்ததும் அது 50 ஆகும். விரதத்தை வைத்து இந்தப் பசியை நியாயப்படுத்துவது எங்களுக்கு ஒத்துவரவில்லை.

இனி எங்களுக்கு முக்கியமாகப் படுகிற விசயம்.

பல்கலைக்கழகத்தில் பசிக்கு இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று மெலிய நினைப்பது. மற்றது காசில்லாதது. இரண்டும் ஒரே மேசையில் இருந்து ஒரே பிளேன்ரீயைக் குடிக்கின்றன. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருசத்துக்கு முன்னம் இருந்த விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிறகு பணவீக்கம் குறைந்தது என்று செய்தி வந்தது, அதற்கு விலை குறைந்தது என்று அர்த்தமில்லை, விலை ஏறுகிற வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்தில் உயர்தரம் படித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள். வீட்டில் மூன்று நேரம் இரண்டு நேரமானதைப் பார்த்தவர்கள். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மகாபொலப் புலமைப்பரிசில் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆகக் கூட்டப்பட்டது. நல்ல விசயம். முப்பதால் பிரித்தால் நாளுக்கு 250 ரூபா. அப்ப அதற்குள் மூன்று நேரம் சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, போட்டோக்கொப்பியும் அடிக்க வேண்டியிருந்தது.

இந்த இடத்தில்தான் 'டயற்' என்ற சொல் வேறு வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது. மத்தியானம் எல்லாரும் கன்ரீனுக்கு எழும்பும்போது ஒருவர் மட்டும் எழும்பமாட்டார். கேட்டால் 'நான் டயற்ல இருக்கிறன், நீங்கள் போங்கோ' என்பார். முன்னம் இதற்கு 'வயிறு சரியில்லை' என்று சொல்வார்கள், 'இப்பத்தான் சாப்பிட்டனான்' என்று சொல்வார்கள். 'காசில்லை' என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதற்கு எங்கட ஆட்களுக்கு மானம் விடாது. இப்ப 'டயற்' என்று சொன்னால் மானமும் போகாது, ஒரு பாராட்டும் கிடைக்கும். 'அட, நல்லா மெலிஞ்சிட்டாய்' என்று நாங்களே சொல்கிறோம். காசில்லாமல் மெலிந்தவருக்கு.

மறுபக்கமும் நடக்கிறது. வேண்டுமென்றே பட்டினி கிடந்து உடம்பு கெட்டுப்போகிற ஒருவர், சிநேகிதர்கள் கவலைப்படத் தொடங்கினதும் 'கையில காசில்லையடி' என்கிறார். அல்லது 'அறையில சாப்பிட்டனான்'. இரண்டு பசியும் ஒன்றின் உடுப்பை ஒன்று போட்டுக்கொண்டு திரிகிறது. வெளியில் இருந்து பார்க்கிற எங்களுக்கு எது எதுவென்று தெரியாது.

தெரியாதபடியால் எங்களில் சிலர் ஒரு பழக்கத்தைப் பிடித்திருக்கிறோம். கேள்வி கேட்பதில்லை. சோற்றுப் பார்சல் ஒன்றை இரண்டு பேராகப் பங்கு போட்டுச் சாப்பிடுவது எங்கட விடுதிகளில் எப்பவும் உள்ள வழமைதானே. 'இது எனக்குக் கூட, வா' என்று பிரித்து வைப்பது. காசில்லாதவர் வருவார். டயற்றில் இருக்கிறவரும், உண்மையிலேயே பசி தாங்காமல் இருந்தால், வருவார். வராவிட்டால் விட்டுவிடுவது, நாளைக்குத் திரும்பக் கூப்பிடுவது. ஆளின் உடம்பைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு கதையும் சொல்லாமல் விடுவதும் இதில் சேரும். 'மெலிஞ்சிட்டாய்' என்பதைப் பாராட்டாகப் பாவிப்பதை நிற்பாட்டினாலே பாதிப் பேர் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள் என்று நினைக்கிறோம்.

சில அறிகுறிகளைக் கண்டால் மட்டும் பேசாமல் இருக்கக் கூடாது. மாதவிடாய் நின்றுபோவது, எழும்பி நிற்கும்போது தலைசுற்றி விழுவது, கைநிறைய முடி கொட்டுவது, சாப்பிட்ட உடனே வொஷ்ரூமுக்குப் போய்ச் சத்தி எடுப்பது, நாலு நாள் பட்டினி கிடந்து ஐந்தாம் நாள் இரவு நிற்பாட்ட ஏலாமல் சாப்பிட்டுவிட்டு அழுவது. இது 'கொன்ரோல்' இல்லாத ஆளின் பிரச்சினை என்று கதைப்பவர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். வைத்தியரிடம் போக வேண்டிய விசயம் இது. தனியப் போகப் பயமென்றால் சிநேகிதி ஒருவரோடு போகலாம். எடை குறைப்பதை அங்கேயே நிற்பாட்டிவிட வேண்டும், பிறகு யோசிக்கலாம்.

மற்றது கன்ரீன். எந்தப் பல்கலைக்கழகக் கன்ரீனுக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது ஒரே சாமான்: றோல்ஸ், பற்றிஸ், பணிஸ், கட்லற். மலிவாக வயிற்றை ஏமாற்றுகிற சாப்பாடு. மெலிய நினைக்கிறவருக்கும் அது பிழை, காசில்லாதவருக்கும் அது பிழை, ஏனென்றால் இரண்டு பேருக்கும் இரண்டு மணித்தியாலத்தில் திரும்பப் பசிக்கும். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி அவித்த கடலையும், ஒரு தட்டில் அவித்த முட்டையும், காலமையில் ஒரு பானை கஞ்சியும் வைப்பதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. சோற்றில் பாதியைக் குறைத்து அந்த விலைக்குப் பருப்பும் கீரையும் இரட்டிப்பாக வாங்கக்கூடிய ஒரு தட்டு இருந்தால் இன்னும் நல்லம். இப்ப அப்படிக் கேட்டால் 'சோறு குறைச்சாலும் விலை அதுதான் தங்கச்சி' என்கிறார்கள். இதை மாணவர் ஒன்றியக் கூட்டத்தில் கதைக்கலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் எழுதி வைத்திருக்கிறோம். கஞ்சிக்கு ஒரு கோப்பை என்ன விலை போடலாம் என்பதில்தான் இன்னும் எங்களுக்குள் இழுபறி.